ஆறு வயதுப் பையனின் கண் அந்த உயரத்திலா இருக்கும்? 'ஹாலோவீன்' முதல் காட்சி பற்றி

கேள்வி, ஜூன் 3

1978-இல் வந்த 'ஹாலோவீன்' படத்தின் முதல் காட்சியைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறார்கள். கொலைகாரனின் கண் வழியாக நாலு நிமிடம் நடக்கிறோம், கடைசியில் பார்த்தால் அது ஆறு வயதுப் பையன். சரி. ஆனால் கேமரா வளர்ந்த ஆளின் உயரத்தில்தானே போகிறது? அந்த ஜன்னலுக்குள் எட்டிப் பார்க்க அந்தப் பையனுக்கு ஒரு ஸ்டூல் தேவைப்பட்டிருக்கும். கையில் காசில்லாமல் அவசரத்தில் எடுத்த படத்தில் விழுந்த சாதாரணப் பிழை. இதைப் போய் ஏன் பாடம் மாதிரி நடத்துகிறீர்கள்?

ஜூன் 3, இரவு 10:50

பிழை என்பதை ஒத்துக்கொள்கிறேன். 'சாதாரண' என்பதை ஒத்துக்கொள்ள முடியாது.

படம் பார்க்காதவர்களுக்காகக் காட்சியை ஒரு தடவை சொல்லிவிடுகிறேன். 1963, குழந்தைகள் வேடம் போட்டுக் கொண்டாடும் ஹாலோவீன் இரவு, அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஒரு சின்ன ஊர். தெருவிலிருந்து ஒரு வெள்ளை வீட்டை நோக்கிக் கேமரா வருகிறது. ஜன்னல் வழியே ஒரு பெண்ணும் அவள் காதலனும் சோபாவில் தெரிகிறார்கள். கோமாளி முகமூடி ஒன்றைக் காதலன் தன் முகத்தில் வைத்து விளையாட்டுக் காட்டுகிறான். இருவரும் மாடிக்குப் போகிறார்கள். மாடி விளக்கு அணைகிறது. கேமரா வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போய், சமையலறைக்குள் நுழைந்து, இழுப்பறையிலிருந்து கத்தியை எடுக்கிறது. காதலன் கிளம்பும் வரை காத்திருந்து படியேறுகிறது. தரையில் கிடக்கும் முகமூடியை எடுத்துப் போட்டுக்கொள்கிறது. கண்ணாடி முன் உட்கார்ந்து தலை வாரிக்கொண்டிருக்கும் அந்தப் பெண்ணை, பையனின் அக்கா ஜூடித்தை, குத்துகிறது. வெளியே வருகிறது. அப்பா முகமூடியைக் கழற்றுகிறார். அப்போதுதான் முதல் தடவையாக எதிர்க்கோணம்: கோமாளி உடுப்பில், கையில் கத்தியோடு ஒரு குழந்தை.

இப்போது கணக்கு. ஆறு வயதுக் குழந்தையின் உயரம் சுமார் 115 சென்டிமீட்டர். கண் அதைவிடப் பத்து சென்டிமீட்டர் கீழே. அந்த உயரத்தில் கேமராவை வைத்து நடத்தியிருந்தால் முதல் பத்து நொடியிலேயே விஷயம் அம்பலமாகியிருக்கும். ஜன்னல் விளிம்பு முகத்துக்கு நேரே வந்திருக்கும், கதவின் கைப்பிடி கண் மட்டத்தில் நின்றிருக்கும். "இது யாரோ குழந்தை" என்று எல்லாரும் சொல்லியிருப்பார்கள். பொய்யான உயரம்தான் ரகசியத்தைக் காப்பாற்றுகிறது. நடந்தாலும் குலுங்காத ஸ்டெடிகேம் கருவியில் எடுத்த ஒரே ஷாட் அது. அந்தப் பையனின் கையைத் தவிர அவன் உடம்பில் வேறெதுவும் நமக்குக் காட்டப்படுவதில்லை. ஆக, இயக்குநர் ஜான் கார்பென்டர் தெரிந்தே செய்த தந்திரம்.

ஜூன் 4, காலை 7:15

நேற்று எழுதியதில் ஒரே வாக்கியத்தில் இரண்டு தப்பு.

அது ஸ்டெடிகேம் இல்லை, பானாகிளைடு. கேரட் பிரவுன் கண்டுபிடித்த ஸ்டெடிகேம் 1976-இல் திரைக்கு வந்ததும், பானாவிஷன் நிறுவனம் அதற்குப் போட்டியாகச் செய்த கருவி. ஒளிப்பதிவாளர் டீன் கண்டி, கருவியைச் சுமந்து நடந்தவர் ரே ஸ்டெல்லா. வேலை ஒன்றுதான்: உடம்போடு கட்டிய கவசம், அதிலிருந்து நீளும் ஸ்பிரிங் கை, அதன் நுனியில் மிதக்கும் கேமரா. நடையின் குலுக்கல் கேமராவுக்குப் போகாது.

ஒரே ஷாட் என்றதும் தப்பு. முகமூடி போடும் இடத்தில் ஒரு கட் ஒளிந்திருக்கிறது. முகமூடி திரையை மூடும்போது இருட்டாகிறது, அந்த இருட்டுக்குள் ஒட்டியிருக்கிறார்கள். கதை நடக்கும் இடத்திலேயே தையல் விழுவதால் துணி கிழிந்த மாதிரியே தெரியவில்லை.

ஜூன் 4, இரவு 11:30

"பையனின் கை என்கிறீர்களே, நிச்சயமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். பையனின் கை இல்லை. இது மூன்றாவது தப்பு, ஆனால் இதுதான் ருசியான தப்பு.

அந்தப் பையன் மைக்கேல் மையர்ஸாக நடித்த குழந்தை வில் சாண்டின். திரையில் கத்தி எடுக்கிற கை படத்தின் தயாரிப்பாளரும் கார்பென்டரோடு சேர்ந்து திரைக்கதை எழுதியவருமான டெப்ரா ஹில்லுடையது. கை சிறியதாக இருந்ததால் பொருந்திற்று. நகத்தையும் விரலையும் உற்றுப் பார்த்தால் வளர்ந்த பெண்ணின் கை என்று தெரியும். நான் இத்தனை வருடம் பார்த்தும் ஒரு நாள்கூடத் தோன்றவில்லை.

ஏன் அப்படி என்றால், படப்பிடிப்பின் வரிசை. மொத்தம் சுமார் 20 நாள், 3 லட்சம் டாலரை ஒட்டிய செலவு. இல்லினாய் என்று காட்டியது உண்மையில் கலிஃபோர்னியாவின் தெற்கு பசடீனா. எடுத்தது வசந்த காலத்தில், அதனால் இலையுதிர்காலத்துக்கு வேண்டிய காய்ந்த இலைகளுக்குச் சாயம் பூசி, ஒரு ஷாட் முடிந்ததும் அள்ளி மூட்டை கட்டி, அடுத்த இடத்தில் கொட்டியிருக்கிறார்கள். மையர்ஸ் வீடு நிஜத்தில் பாழடைந்து கிடந்த வீடு. 1978-இல் நடக்கும் காட்சிகளுக்கு அந்தப் பாழ் அப்படியே தேவைப்பட்டது. அதையெல்லாம் எடுத்து முடித்த பிறகுதான் பெயின்ட் அடித்து, சாமான் போட்டு, திரை மாட்டி 1963-இன் குடும்ப வீடாக்கினார்கள். படத்தின் முதல் காட்சி படப்பிடிப்பின் கடைசி வேலை.

இடிக்கப்பட இருந்த அந்த வீட்டை 1987-இல் அப்படியே பெயர்த்து வேறு இடத்தில் கொண்டுபோய் வைத்துக் காப்பாற்றியிருக்கிறார்கள். தனியாகச் சொல்ல வேண்டிய கதை, இங்கே வேண்டாம்.

ஜூன் 6, மதியம் 3:10

உயரம் விஷயத்தில் நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் படித்த அறிவு இல்லை. செய்து பார்த்துக் கெட்ட அனுபவம்.

சில வருடங்களுக்கு முன் நானும் இரண்டு நண்பர்களும் பன்னிரண்டு நிமிடக் குறும்படம் ஒன்று எடுத்தோம். ஒரு குழந்தை ராத்திரியில் விழித்து வீட்டுக்குள் நடக்கிறது, அதன் கண் வழியாக முதல் இரண்டு நிமிடம். நான்தான் கேமரா. உண்மையாக இருக்க வேண்டும் என்று டேப் வைத்து அளந்தேன்: லென்ஸின் மையம் தரையிலிருந்து 104 சென்டிமீட்டர். கேமரா குலுங்காமல் தாங்கும் கிம்பலை இடுப்புக்கும் கீழே பிடித்துக்கொண்டு, முழங்காலை மடக்கி, பதினான்கு டேக் போனோம்.

போட்டுப் பார்த்தபோது மூன்று விஷயம் தெரிந்தது.

சுவரில் மாட்டிய தட்டின் அடிப்பக்கம் தெரிந்தது. வளர்ந்தவர்கள் அந்தத் தட்டின் மேல்பக்கத்தைத்தான் பார்த்து வாழ்கிறோம், அடிப்பக்கம் தெரிந்த நொடியே மனசு "குழந்தை" என்று சொல்லிவிடுகிறது. அடுத்து, பயமே வரவில்லை. பார்த்தவர்கள் எல்லாரும் அந்தக் குழந்தைக்காகத்தான் பயந்தார்கள், எங்கே விழுந்துவிடுமோ என்று. நாங்கள் கேட்டது அதற்கு நேர் எதிரானது.

மூன்றாவது, கை. கண் வழியே பார்க்கும் ஷாட்டில் கை உள்ளே வருவதுதான் கஷ்டம். நம் கை நம் கண்ணுக்கு ஃபிரேமின் கீழ்ப்பக்கத்திலிருந்து, கொஞ்சம் பக்கவாட்டாக, தானாக எழும்பி வரும். கேமராவுக்குப் பக்கத்தில் இன்னொரு ஆள் நின்று கையை நீட்டினால் அது வேறொருவன் கை என்று பச்சையாகத் தெரிகிறது. தோள் எங்கே இருக்கிறது என்று மணிக்கட்டு காட்டிக்கொடுத்துவிடும். என் நண்பர் என் அக்குளுக்குக் கீழே தலையை நுழைத்துக் கையை மட்டும் நீட்டினார். அதற்குப் பிறகுதான் ஓரளவு நம்பும்படி வந்தது.

வெளிச்சம் இன்னொரு தொல்லை. வீட்டைச் சுற்றி நடக்கிற ஷாட்டில் எல்லாப் பக்கமும் தெரியும், லைட்டை ஒளித்து வைக்க மூலை கிடையாது. எங்களிடம் இருந்தது இரண்டே லைட். கேமரா கூடத்தைத் தாண்டியதும் ஒருவர் லைட்டைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓடினார், சத்தம் வராமல் இருக்கச் செருப்பைக் கழற்றிவிட்டு. ஒரு டேக்கில் அவர் நிழல் சுவரில் விழுந்தது. அந்த டேக்தான் மற்ற எல்லா வகையிலும் சிறந்தது.

இதெல்லாம் பட்ட பிறகு 'ஹாலோவீன்' முதல் காட்சியைத் திரும்பப் பார்த்தேன். தெரு, புல்வெளி, ஜன்னல், வீட்டின் பக்கம், சமையலறை, கூடம், படி, படுக்கையறை, திரும்பப் படி, வாசல். 1978-இல், ஃபிலிமில், எடுத்ததை அங்கேயே சரியாகப் போட்டுப் பார்க்க வசதியில்லாத காலத்தில். அகலத்திரை லென்ஸ் வேறு, 2.35-க்கு 1 என்ற ஃபிரேம். அதை அங்கங்கே ஃபோகஸ் பிடித்தவர் பெயரை யாரும் பேசுவதில்லை, எனக்கு அவர் மேல்தான் மரியாதை.

ஜூன் 7, காலை 8:00

காதலன் மாடிக்குப் போய் இரண்டு நிமிடம்கூட ஆவதற்குள் சட்டை போட்டுக்கொண்டு இறங்கிவிடுகிறானே என்று எல்லாரும் சிரிக்கிறார்கள். சிரிக்க இடம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அந்த நேரம் முழுக்க நாம் நடந்துகொண்டிருக்கிறோம். வீட்டைச் சுற்றுகிறோம், சமையலறையில் கத்தி தேடுகிறோம். வெட்டாமல் எடுத்த ஷாட்டில் நேரத்தைச் சுருக்க வழியில்லை. மாடியில் நடப்பதை நீட்ட வேண்டுமானால் கீழே கேமராவைச் சும்மா நிறுத்தி வைக்க வேண்டும். நின்றால் பயம் ஆறிவிடும். நடையின் வேகத்துக்காக நம்பகத்தைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்திருக்கிறார் கார்பென்டர். நான் எடிட்டராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

ஜூன் 9, இரவு 12:20

ஒலியை அணைத்துவிட்டுக் காட்சியை நான்கு தடவை பார்த்தேன். யாராவது செய்து பாருங்கள், வேறு படமாகிவிடுகிறது. ஒரு ஆள் ஒரு வீட்டைச் சுற்றி வருகிறான், அவ்வளவுதான். வீடு விற்பனைக்கு என்று எடுத்த வீடியோ மாதிரிகூட இருக்கிறது.

கார்பென்டருக்கே இது நடந்திருக்கிறது. இசையும் ஒலியும் சேர்க்காத படத்தை ஒரு பெரிய ஸ்டுடியோவின் இளம் அதிகாரிக்குப் போட்டுக் காட்டினார். அந்த அம்மாவுக்குத் துளிப் பயம் வரவில்லை. இசையால்தான் இதைக் காப்பாற்ற வேண்டும் என்று அதற்குப் பிறகு முடிவு செய்ததாக அவரே சொல்லியிருக்கிறார். இசையும் அவரே. எல்லாருக்கும் தெரிந்த அந்தப் பியானோ மெட்டு ஐந்துக்கு நாலு தாளம். சின்ன வயதில் அவர் அப்பா பாங்கோ டிரம்மில் சொல்லிக்கொடுத்த தாளம் அது. நாலு நாலாக எண்ணிப் பழகிய காலுக்கு ஐந்தாவது அடி எப்போதும் ஒரு படி அதிகம். இருட்டில் படியிறங்கும்போது இன்னொரு படி இருக்கிறது என்று தெரியாமல் கால் வைக்கிற மாதிரி.

ஆனால் கவனியுங்கள், அந்த மெட்டு டைட்டிலில்தான் வருகிறது. கறுப்புத் திரையில் ஒரு பூசணி விளக்கு, கேமரா மெல்ல மெல்ல அதன் ஒரு கண்ணை நோக்கிப் போகிறது. அது முடிந்ததும் அடுத்த ஷாட்டில் நாம் ஒருவனின் கண்ணுக்குள் இருக்கிறோம். வெளியிலிருந்து ஒரு கண்ணுக்குள் நுழைந்து, உள்ளேயிருந்து பார்க்க ஆரம்பிக்கிறோம். இதை எத்தனையாவது தடவை பார்த்தபோது கவனித்தேன் என்று நினைவில்லை. கவனித்த அன்று படத்தை நிறுத்திவிட்டு எழுந்து கொஞ்ச நேரம் நடந்தேன்.

காட்சிக்குள் இசை ரொம்பக் குறைவு. மாடி விளக்கு அணையும்போது ஒரு கூர்மையான ஒலி குத்துகிறது. விளக்கு அணைவது அந்த ஜோடிக்குச் சாதாரண விஷயம், அந்த ஒலி வெளியே நிற்பவனுக்கு மட்டும் கேட்பது. அவன் மனசுக்குள் ஏதோ அறுந்தது என்று முகத்தைக் காட்டாமலே சொல்லியாகிவிட்டது. அப்புறம் முகமூடி போட்டதும் மூச்சு. அதுவரை நாம் ஒரு கேமரா. மூச்சு கேட்ட பிறகு நமக்கு ஒரு உடம்பு.

ஜூன் 10, மாலை 6:45

"கொலைகாரனின் கண்ணில் நம்மை உட்கார வைப்பது அசிங்கம் இல்லையா? கொலையை ரசிக்கச் சொல்வதுதானே?" என்று கேட்டிருந்தவருக்கு.

இந்தக் கேள்வி எனக்கும் உண்டு, சும்மா தட்டிக்கழிக்க மாட்டேன். 1980-இல் அமெரிக்க விமர்சகர்கள் ராஜர் ஈபர்ட்டும் ஜீன் சிஸ்கலும் தங்கள் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றை முழுக்க இதற்கே ஒதுக்கினார்கள். பெண்களைத் துரத்திக் குத்தும் படங்கள் பெருகிவிட்டன, கேமராவைக் கொலைகாரனின் கண்ணாக்கிப் பார்ப்பவனை அவன் பக்கம் நிறுத்துகிறார்கள் என்பது குற்றச்சாட்டு. அதே ஆட்கள் 'ஹாலோவீன்' படத்தை அந்தக் கும்பலில் சேர்க்காமல் தனியாக வைத்தார்கள்.

ஏன் தனி? நான் நினைப்பது: கண்ணைக் கடன் கொடுத்துவிட்டு இந்தப் படம் நாலே நிமிடத்தில் கணக்குத் தீர்க்கிறது. நாலு வருடம் முந்திய 'பிளாக் கிறிஸ்துமஸ்' படத்திலும் கொலைகாரனின் கண் வழியாக வீட்டுக்குள் ஏறுகிறோம். அங்கே கடைசிவரை அவன் யார் என்று தெளிவாகச் சொல்வதில்லை. இரண்டு வருடம் பிந்திய 'ஃபிரைடே த தர்ட்டீன்த்' படமும் 1958 கோடை முகாமில் இதே மாதிரிக் கண்ணோடுதான் தொடங்குகிறது. அங்கே அந்தக் கண் ஒரு திரைச்சீலை, கொலைகாரரை முடிவுவரை மறைத்து வைக்க. கார்பென்டர் மறைத்தது நாலு நிமிடம். பிறகு முகமூடியைக் கழற்றி, "இவ்வளவு நேரம் நீ யாராக இருந்தாய் பார்" என்று காட்டிவிடுகிறார். காட்டிய பிறகு படம் அந்தக் கண்ணுக்கு இப்படித் திரும்பப் போவதே இல்லை. மீதிப் படம் பயப்படுகிறவர்களின் பக்கத்தில் நின்று எடுத்தது.

அப்படியும் ஜூடித் இருக்கிறாள். தலை வாரிக்கொண்டு ஏதோ பாட்டை முனகிக்கொண்டிருக்கிறாள், திரும்பித் தம்பியைப் பார்த்து அவன் பெயரைச் சொல்கிறாள், முடிந்தது. அவள் யார், என்ன படித்தாள், எதற்குச் சிரிப்பாள், ஒன்றும் தெரியாது. படத்துக்கு அவள் தேவைப்பட்டது ஒரு நிமிடம். இதை நான் எந்த விளக்கம் சொல்லியும் சரிக்கட்ட மாட்டேன். பார்க்கும்போது உறுத்துகிறது, உறுத்தட்டும்.

ஜூன் 12, இரவு 9:30

கத்திக் காட்சிக்கு வருகிறேன், இதைப் பற்றி எழுதத்தான் முதலிலிருந்தே ஆசை.

குத்தும்போது கேமரா எங்கே பார்க்கிறது? ஜூடித்தைப் பார்த்துக்கொண்டே இருக்கவில்லை. பக்கவாட்டில் திரும்பி மேலே பார்க்கிறது. கத்தி ஏறுகிறது, இறங்குகிறது, ஏறுகிறது. அந்தக் கையைப் பார்க்கிறது.

இயல்பாக நாம் ஒரு வேலை செய்யும்போது கையைப் பார்க்க மாட்டோம், வேலை நடக்கும் இடத்தைப் பார்ப்போம். ஆணி அடிக்கிறவன் பார்வை ஆணியின் தலையில் இருக்கும், சுத்தியலில் இருக்காது. தன் கையையே திரும்பிப் பார்க்கிறவன் எப்படிப்பட்டவன்? தன் கை என்ன செய்கிறது என்று தனக்கே தெரியாதவன். இது யாருடைய கை என்று பார்க்கிறவன்.

பணக் கணக்கும் உள்ளே இருக்கும். குத்தை நேராகக் காட்டினால் ஒப்பனை வேண்டும், போலி ரத்தம் வரக் குழாய் வேண்டும், நேரம் வேண்டும். கத்தியையே பார்த்துக்கொண்டிருந்தால் இது எதுவும் வேண்டாம். ரத்தத்தைக் காட்டாமல் பயமுறுத்திய படம் என்ற பேர் இதற்கு வந்ததில் கஞ்சத்துக்கும் பங்கு இருக்கும். ஆனாலும் கண்ணைத் திருப்ப எத்தனையோ இடம் இருந்தது. கண்ணாடி இருந்தது, சுவர் இருந்தது, படுக்கை இருந்தது. கையைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள்.

அதுவும் நிஜத்தில் பையனுடையதாக இல்லாத கையை.

ஜூன் 13, காலை 6:50

ராத்திரி தூக்கம் வரவில்லை. ஜூன் 3 அன்று நான் சொன்ன காரணம் பாதிதான் நிற்கிறது.

உயரம் பொய்யாக இருப்பது ரகசியத்தைக் காக்க என்றேன். அப்படியானால் ரகசியம் தெரிந்து இரண்டாம் தடவை பார்க்கும்போது அந்தப் பொய் கண்ணில் குத்த வேண்டும், காட்சி பலம் இழக்க வேண்டும். எனக்கு நேர்மாறாக நடந்தது. முதல் தடவை நான் பார்த்தது பழைய நாடாவில், நாலுக்கு மூன்று திரைக்காக இரண்டு பக்கமும் நறுக்கிய பிரதி. அன்று பயந்ததைவிட, எல்லாம் தெரிந்த பிறகு அகலத்திரையில் பார்த்தபோதுதான் அதிகம் நடுங்கினேன்.

ஒளித்து வைக்கவும் இல்லை அவர்கள். ஜன்னலுக்கு அந்தப் பக்கம், நாம் தனியாகத்தானே இருக்கிறோம் என்று காதலன் கேட்கும்போது, மைக்கேல் இங்கேதான் எங்கேயோ இருப்பான் என்று ஜூடித் சொல்கிறாள். பெயரையே சொல்லியாகிவிட்டது. உயரத்தைப் பார்த்துத்தான் நாம் அதை நம்ப மறுக்கிறோம்.

இரண்டாம் தடவை பார்க்கும்போது எனக்குத் தோன்றுவது இது. இந்தக் கண் அந்தப் பையனுடையது இல்லை. அவன் தலைக்கு மேலே, அவனுக்குப் பின்னால், அவனைவிட உயரமாக ஏதோ ஒன்று நின்றுகொண்டு அவன் போகிற வழியெல்லாம் வருகிறது. அதனால்தான் கத்தி பிடித்த கையை அது திரும்பிப் பார்க்கிறது. படத்தின் முடிவில் வரும் நடிகர் பட்டியலில் முகமூடி போட்ட வளர்ந்த மைக்கேலுக்குப் பெயர் 'உருவம்' என்றுதான் போட்டிருக்கிறது, நிக் காஸில் அந்த உருவம். பதினைந்து வருடம் கழித்து வரப்போகும் உருவத்தின் உயரம் 1963-லேயே வந்துவிட்டது.

இது என் வாசிப்பு. கார்பென்டர் இப்படி நினைத்தார் என்று நான் சொல்லவில்லை. கருவியைச் சுமந்தவர் வளர்ந்த ஆள், கேமரா அவர் நெஞ்சுக்கும் கண்ணுக்கும் நடுவே மிதக்கும், அதுதான் வசதி. வசதிக்காக வந்த உயரமாகவே இருக்கலாம். வந்த பிறகு அது செய்கிற வேலையைத்தான் சொல்கிறேன். அந்தக் கடைசி ஷாட்டும் இதற்குப் பொருந்துகிறது. முகமூடி கழன்றதும் கேமரா பையனை விட்டு வெளியே வருகிறது. வந்து நிற்கவில்லை. பின்னால் போகிறது, மேலே போகிறது, கிரேனில் ஏறிக்கொண்டே போகிறது. அப்பா, அம்மா, பையன், மூன்று பேரும் பொம்மை மாதிரி அசையாமல் நிற்கிறார்கள். ஒரு தாய் ஓட மாட்டாளா, ஒரு தகப்பன் கத்தியைப் பிடுங்க மாட்டானா என்று பலர் கேட்கிறார்கள். எனக்கு அந்த அசையாமை பிழையாகப் படவில்லை. நாலு நிமிடமாக அந்தக் கண்ணை வைத்திருந்த ஒன்று பையனை அங்கேயே போட்டுவிட்டு மேலேறிப் போகிறது, அது போவதற்காக எல்லாம் நிற்கிறது.

ஜூன் 13, காலை 7:30

மேலே எழுதியதைப் படித்துப் பார்த்தேன். 'பிழை இல்லை' என்று சொல்வதற்காக எல்லாவற்றுக்கும் அர்த்தம் கற்பிக்கிறேனோ என்று ஒரு சந்தேகம். கேள்வி கேட்டவர் சொன்னது அப்படியே நிற்கிறது: ஆறு வயதுப் பையனின் கண் அந்த உயரத்தில் இருக்காது. நான் அதை மறுக்கவில்லை, இனியும் மறுக்க மாட்டேன்.

ஜூன் 15, இரவு 8:40

அக்கா மகன் வந்திருந்தான். வயது ஆறு முடிந்து இரண்டு மாதம். சுவரோடு நிற்க வைத்துக் கண்ணுக்கு நேரே பென்சிலால் கோடு போட்டேன்: 106 சென்டிமீட்டர். நான் அன்று லென்ஸுக்கு வைத்த 104 சரியாகத்தான் இருந்திருக்கிறது.

படத்தைப் பற்றி அவனிடம் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அட்டையில் ஒரு முகமூடி வெட்டி, கண்ணுக்கு இரண்டு ஓட்டை போட்டு, ரப்பர் பேண்டு கட்டிக் கொடுத்தேன். கையில் அதே பென்சில். வீட்டுக்குள் நடந்துவிட்டு வா என்றேன். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். முகமூடி போட்டதும் நடை மாறிவிட்டது. பக்கப் பார்வை இல்லாததால் கழுத்தை முழுக்கத் திருப்பித் திருப்பித்தான் நடந்தான். கதவைத் தொட வேண்டுமானால் முதலில் கதவைப் பார்த்தான், பிறகு தலையைத் திருப்பித் தன் கை எங்கே இருக்கிறது என்று தேடினான், பிறகு மறுபடி கதவைப் பார்த்தான்.

கையைத் தேடினான். ஜூன் 12 அன்று நான் எழுதியதை அப்படியே எடுத்து என் முன்னால் போட்ட மாதிரி இருந்தது. முகமூடிக்குள் இருப்பவன் தன் கையைப் பார்க்க வேண்டுமானால் தலையைத் திருப்பித்தான் ஆக வேண்டும். கேமரா கத்தியைத் திரும்பிப் பார்ப்பதற்கு இவ்வளவு சாதாரணக் காரணமும் இருக்க முடியும். நான் சொன்ன காரணத்தை அது அழித்துவிட்டதா என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அவன் திரும்பி வந்ததும் கேட்டேன், உள்ளேயிருந்து எப்படித் தெரிகிறது என்று. திரையில் முகமூடி போட்டதும் கறுப்புக்கு நடுவில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஓட்டை தெரியும், அவற்றின் வழியாகத்தான் ஜூடித்தைப் பார்க்கிறோம்.

"ரெண்டு ஓட்டை தெரியுதாடா?"

முகமூடியைக் கழற்றாமல் அறையை ஒரு சுற்றுப் பார்த்தான்.

"இல்ல மாமா. ஒண்ணுதான் தெரியுது. பெருசா, ஒரே ஓட்டை."

அட்டையை வாங்கி என் முகத்தில் வைத்துப் பார்த்தேன். அவன் சொன்னது சரி. இரண்டு கண்ணும் திறந்திருந்தால் இரண்டு ஓட்டையும் ஒன்றோடொன்று கலந்து ஒன்றாகிவிடுகிறது. திரையில் தெரிவது போல இரண்டாகப் பார்க்க வேண்டுமானால், அந்த முகமூடியை முகத்தில் போட்டிருக்கக் கூடாது. அதற்குக் கொஞ்சம் பின்னால் நின்றுகொண்டு பார்க்க வேண்டும்.